சின்ன லாரிக்கு இரண்டாவது கியர் பெட்டி தேவையா?

டிராக்டர் ஓட்டும் எல்லோருக்கும் இரண்டு கியர் லிவர் பழக்கம். ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இன்னொன்றில் 'ஹை', 'லோ'. எட்டு முன் கியர், இரண்டு பின் கியர் என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. நான்கு கியர் உள்ள ஒரு பெட்டியோடு, இரண்டு வேகம் உள்ள இன்னொரு பெட்டி சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டாவது பெட்டிதான் துணை கியர் பெட்டி.

வேளாண் முகாம்களில் இதையொட்டி ஒரு கேள்வி வருகிறது. "டிராக்டரில் இருப்பது போல, தோட்டத்துக்கு ஓட்டும் சின்ன லாரியிலும் பிக்கப்பிலும் இன்னொரு கியர் பெட்டி மாட்டினால் என்ன? மேட்டில் கிளட்ச் எரியாதே?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அமெரிக்க விவசாயிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பழைய வண்டிகளைச் சீர்செய்து ஓட்டும் ஆர்வலர்கள் அங்கே இன்றும் அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைத் தெரிந்துகொண்டால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

குதிரை போன பிறகு வந்த சிக்கல்

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு 'மாடல் டி' வண்டி 1.5 கோடிக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் விவசாயிகள். அதில் முன்னோக்கிப் போக இரண்டே கியர்கள். பாரம் ஏற்றி மேடு ஏறினால் ஒரு கியர் போதாது, இன்னொரு கியர் வீணாகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'வார்ஃபோர்டு' துணை கியர் பெட்டியும், 'ரக்ஸ்டெல்' என்ற இரட்டை வேகப் பின் அச்சும் சந்தைக்கு வந்தன. பெரிய லாரிகளுக்கு நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரத்து பிரவுன்-லைப் நிறுவனத்தின் பெட்டிகள் பெயர் பெற்றவை. ஓட்டுநர்கள் அதைச் செல்லமாக 'பிரவுனி' என்றே அழைத்தார்கள். பிறகு அந்த நிறுவனம் ஸ்பைசருடன் இணைந்தது. நம் ஊர் லாரிகளின் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஸ்பைசர் என்ற பெயரைப் பார்க்கலாம்.

பண்ணையில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. மக்காச்சோளத்தைக் கையால் உரித்து வண்டியில் எறிந்த காலத்தில், குதிரைகள் குரல் கேட்டு நகரும், குரல் கேட்டு நிற்கும். நம் மாட்டு வண்டியும் அப்படித்தானே. குதிரையின் இடத்துக்கு லாரி வந்ததும் அது ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, திணறாமல் ஊர வேண்டியிருந்தது. தீவனப்புல் கட்டுகளைப் பின்னால் நடந்துகொண்டே ஏற்றும்போதும் இதே தேவைதான்.

எண்களில் பார்த்தால்

1950 வாக்கில் வந்த ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு கியர் பெட்டி. விகிதங்கள் ஏறத்தாழ 7, 3.6, 1.7, 1. பின் அச்சின் விகிதம் 4.11. டயரின் குறுக்களவு 28 அங்குலம். என்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது முதல் கியரில் வண்டி மணிக்கு சுமார் 4.6 கிலோமீட்டர் போகும். அது ஆள் நடக்கும் வேகம். பின்னால் 2-க்கு 1 என்ற துணை கியர் சேர்ந்தால் அதே சுற்றில் 2.3 கிலோமீட்டர். கட்டு தூக்கிப் போடுகிறவருக்கு மூச்சு வாங்காத வேகம் இது.

சாலையில் கதை தலைகீழ். மேல் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த என்ஜின் 2450 சுற்று சுற்ற வேண்டும். துணைப் பெட்டியில் 0.8 விகிதத்தில் ஓவர்டிரைவ் இருந்தால் 1960 சுற்றே போதும். இரைச்சல் குறையும், தேய்மானமும் குறையும். இன்றைய ஆர்வலர்கள் பழைய பிக்கப்பில் இதை மாட்டுவதற்கு முதல் காரணம் இதுதான். அந்தக் கால வண்டிகள் அந்தக் காலச் சாலைக்கான பின் அச்சோடு வந்தவை. இன்றைய நெடுஞ்சாலையில் அவை கத்திக்கொண்டே ஓடும்.

எனக்கு இதில் சுவையாகப் படுவது நடு கியர்களின் கணக்கு. இரண்டாம் கியர் 3.6, மூன்றாம் கியர் 1.7. பாரத்தோடு மேடு ஏறும்போது 2000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் என்ஜின் 950 சுற்றுக்கு விழுந்துவிடும். வண்டி முக்கும், மறுபடியும் இரண்டுக்கே வர வேண்டும். துணைப் பெட்டி இருந்தால் இரண்டாம் கியரோடு ஓவர்டிரைவைச் சேர்த்து 2.9, மேல் கியரோடு 'லோ'வைச் சேர்த்து 2 என்று இடையில் இரண்டு படிகள் கிடைக்கும். நான்கையும் மூன்றையும் பெருக்கினால் காகிதத்தில் 12 கியர். அதில் சில ஒன்றுக்கொன்று மிக அருகில் விழுந்து வீணாகும். நடுவில் கிடைக்கும் இந்த ஓரிரு படிகளுக்காகத்தான் ஓட்டுநர்கள் இரண்டு லிவரோடு மல்லுக்கட்டினார்கள்.

மல்லுக்கட்டு என்பது மிகைச்சொல் அல்ல. அந்தப் பெட்டிகளில் சின்க்ரோமெஷ் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் விட்டு, என்ஜின் சுற்றைச் சரிசெய்ய வேண்டும். நம் பழைய லாரி ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்பார்களே, அதேதான். சில இடங்களில் இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரு கையை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைத்து ஒரு லிவர், மறுகையில் இன்னொரு லிவர் என்று பிடிப்பார்கள். 1950களில் ஒரே லிவரில் பத்து கியர் தரும் 'ரோட்ரேஞ்சர்' பெட்டிகள் வந்ததும் இந்த வித்தை மெல்ல மறைந்தது.

உடைவது எங்கே?

துணைப் பெட்டி என்ஜினின் குதிரைசக்தியைக் கூட்டுவதில்லை. வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையை மட்டும் பெருக்குகிறது. பெருகிய விசை முழுவதும் அதற்குப் பின்னால் உள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் கிராஸ், கிரவுன் பினியன், ஆக்சில் ஆகியவற்றின் மேல் விழும். இவை பழைய விசைக்காக மட்டுமே செய்யப்பட்டவை. வண்டி காலியாக, ஈர மண்ணில் நின்றால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். அந்த வழுக்கல்தான் கிரவுன் பினியனைக் காப்பாற்றும். முழுப் பாரத்தோடு காய்ந்த தளத்தில், 'லோ'வும் முதல் கியரும் சேர்த்துப் போட்டுக் கிளட்சைப் படாரென்று விட்டால் சக்கரம் வழுக்காது. ஏதாவது ஒன்று முறியும்.

பழைய வில்லிஸ் ஜீப்பை வடிவமைத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அந்த ஜீப்பின் நடுவில் இருக்கும் இரட்டை வேகப் பெட்டியும் துணை கியர் பெட்டிதான். அதன் 'லோ' விகிதம் ஏறத்தாழ 2 முதல் 2.5 மடங்கு. ஆனால் முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுத்த பிறகுதான் 'லோ' விழும்படி உள்ளே ஒரு பூட்டு வைத்தார்கள். பெருகிய விசை இரண்டு அச்சுகளுக்கும் பிரியட்டும், பின் அச்சு மட்டும் சுமக்க வேண்டாம் என்பதே காரணம். மகிந்திரா ஜீப்புகளும் அந்த வழியில் வந்தவையே. மலைத் தோட்டங்களில் பழைய ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அந்த லிவர்களின் வரிசை கைப்பழக்கமாகவே வரும்.

அடுத்தது பிரேக். இதை அழுத்தியே சொல்ல வேண்டும். பல பழைய லாரிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டியின் பின்முனையில் உள்ள டிரம்மைப் பிடிக்கும். அதற்கும் பின்னால் துணைப் பெட்டியை மாட்டி, அது நியூட்ரலில் நின்றுவிட்டால், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும். முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் உருளும். சக்கரத்துக்கும் கியருக்கும் நடுவில் தொடர்பே இருக்காது. இறக்கத்தில் போகும்போது துணை லிவர் நியூட்ரலில் சிக்கினால் என்ஜின் பிடிப்பு முழுவதும் போய்விடும். கால் பிரேக் ஒன்றே துணை. பாரத்தோடு மலை இறங்கும்போது சின்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் மறுபடி கியர் விழ வைப்பது எளிதல்ல. அதனால்தான் அனுபவசாலிகள் துணைப் பெட்டியின் பின்முனைக்கே பிரேக் டிரம்மை மாற்றினார்கள். மேட்டின் உச்சியிலேயே கியரைத் தேர்ந்துவிட்டு, கீழே போய்ச் சேரும்வரை துணை லிவரைத் தொடமாட்டார்கள்.

பொருத்துவதிலும் கணக்கு இருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் குட்டையான ஒரு ஷாஃப்ட் வரும். அதன் இரு முனைக் கிராஸ்களின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து அதிரும். சேசிஸ் மேடு பள்ளத்தில் முறுங்கும். வார்ப்பிரும்புப் பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கிப் பிடித்தால் அதன் காது விரிசல் விடும். ரப்பர் வைத்து, கொஞ்சம் அசைய இடம் விட்டுத்தான் தாங்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் கேபிள் முதல் பெட்டியிலிருந்து வந்தால், துணைப் பெட்டி நேர் கியரில் இல்லாதபோது அது காட்டும் வேகம் தவறு. ஆயிலிலும் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளில் வெண்கல புஷ்களும் வாஷர்களும் இருக்கும். இன்றைய சில கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றை அரிக்கும். விலை கூடிய ஆயில் நல்லது என்று ஊற்றிவிடக் கூடாது.

நம் வண்டியில் மாட்டலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். பட்டறையில் "எல்லாரும் பண்றாங்க சார்" என்பார்கள். வழக்கு என்று வந்தால் பட்டறைக்காரர் நம்முடன் வரமாட்டார்.

சட்டத்தை விடுங்கள், தேவையும் குறைவு. 1950-ன் பிக்கப்பில் நான்கு கியர். இன்றைய சின்ன லாரியில் ஐந்து. ஐந்தாவது பெரும்பாலும் ஓவர்டிரைவ்தான். கிளட்ச் எரிவதற்கு முதல் காரணம் அதிக பாரம். அடுத்த காரணம், மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம். இரண்டாவது பெட்டியால் இரண்டும் தீராது. முதலாவது இன்னும் மோசமாகும், ஏனென்றால் இழுக்கிறதே என்று இன்னும் பத்து மூட்டை ஏற்றத் தோன்றும். கியர் கூடினால் பிரேக்கும் டயரும் பலப்படுவதில்லை.

என் துறை மண்ணும் பயிரும். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். வயல் வேலையில் டிராக்டர் பின் டயருக்கு 12 முதல் 16 பவுண்டு காற்று போதும். பாரம் ஏற்றிய சின்ன லாரியின் பின் டயரில் 50 பவுண்டுக்கு மேல் இருக்கும். ஈரமான கரும்பு வயலுக்குள்ளோ வாழைத் தோட்டத்துக்குள்ளோ அதை இறக்கினால், எந்த கியரில் போனாலும் மண் இறுகும்; அடுத்த பயிரின் வேர் அந்தத் தடத்தில் தடுமாறும். லாரி களத்து மேட்டிலோ வண்டிப்பாதையிலோ நிற்கட்டும். வயலுக்குள்ளிருந்து அதுவரை டிராக்டர் டிரெய்லர் போய் வரட்டும்.

மெதுவாக ஊரும் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டால், அதற்கென்றே டிராக்டரில் 'கிரீப்பர்' கியர் இருக்கிறது. காய்கறி நாற்று நடும் கருவி, குழாய் பதிக்கக் குழி தோண்டும் கருவி போன்றவற்றுக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த வேகம் வேண்டும். சாதாரண 'லோ' முதல் கியர் பல மாடல்களில் 2 கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். ஆக்சிலரேட்டரைக் குறைத்து வேகத்தைக் குறைத்தால் பி.டி.ஓ. சுற்றும் சேர்ந்து குறையும். கருவி சரியாக வேலை செய்யாது. கிரீப்பர் இருந்தால் பி.டி.ஓ.வை 540 சுற்றில் வைத்துக்கொண்டே டிராக்டரை ஊர விடலாம்.

டிராக்டர் வாங்கும்போது குதிரைசக்தியோடு, எந்த கியரில் எத்தனை கிலோமீட்டர் என்ற அட்டவணையையும் கேளுங்கள். கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். கையில் இருக்கும் டிராக்டருக்கு வயலிலேயே அளந்துவிடலாம். மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 17 மீட்டருக்கு இரண்டு குச்சிகளை நட்டு, கருவியோடு பி.டி.ஓ. சரியான சுற்றில் இருக்கும்போது, ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குப் போகும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் நாற்று நடுபவருக்கு அந்த வேகம் அதிகம்.