போர்ட் டிரஸ்டுக்குப் போன ஒரு விண்ணப்பம்

ஜாப் ஃபேர் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறின அன்னைக்கே ஜெராக்ஸ் கடையில் கூட்டம் ஆரம்பிச்சிடும். ஒரே ரெஸ்யூமே, முப்பது காப்பி. போன வருஷம் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். சீனியர் ஒருத்தரோட வேர்டு ஃபைலை வாங்கி, மேலே என் பெயரைப் போட்டு, மார்க்கை மாற்றி, அவசரமாகப் பிரிண்ட் எடுத்தேன். ஃபேரில் ஒரு ஸ்டாலில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல ஒரு பேரு இருக்கு, கீழ டிக்ளரேஷன்ல வேற பேரு இருக்கே. இதுல நீங்க யாரு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி இருபத்தொன்பது காப்பியிலும் அதே பேர்தான் இருந்தது.

இப்போது யோசித்தால் அது நியாயமான கேள்வி. ரெஸ்யூமே பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான்.

அந்தக் கேள்விக்கு நான் பார்த்த நல்ல பதில்களில் ஒன்று நம்ம ஏரியாவுக்கு வந்தது. ராயபுரத்தைத் தாண்டினால் வருகிற சென்னைத் துறைமுகம் அன்றைக்கு மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட். 1912 பிப்ரவரி 9-ஆம் தேதியிட்ட ஒரு விண்ணப்பம் அதன் தலைமைக் கணக்கருக்குப் போனது. எழுதியவருக்கு வயது 24. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் ஸ்காலர்ஷிப் போச்சு. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், அரியர் க்ளியர் ஆகாமலே படிப்பு நின்றுபோனவர். பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

ஜீனியஸ் கதை சொல்லி உசுப்பேத்தப் போறேன்னு நினைக்காதீங்க. நான் இங்கே பார்ப்பது வேலை தேடி அலைந்த ஒரு பையனை மட்டும்தான்.

அந்த விண்ணப்பம் மொத்தமே நாலைந்து வாக்கியம். உங்கள் அலுவலகத்தில் ஒரு கிளார்க் இடம் காலியாக இருப்பதாகத் தெரிகிறது, அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று ஆரம்பம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் மேலே தொடர முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். புலம்பலும் இல்லை, மழுப்பலும் இல்லை. அடுத்த வாக்கியத்தில், அதன் பிறகு முழு நேரத்தையும் கணிதத்தில்தான் செலவிட்டு வருகிறேன் என்கிறார். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று முடிக்கிறார். கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதம். மார்ச் 1-ஆம் தேதி வேலை உறுதியானது: மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு கணக்கு எழுத்தர், மாதம் 30 ரூபாய்.

அரியர் ஹிஸ்டரி, ஒரு வருஷ கேப், டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தது என்று நாம் மறைக்கப் பார்க்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஒரு வரியில் சொல்லுங்க, அடுத்த வரியில் அந்த நேரத்தில் என்ன செய்தீங்கன்னு சொல்லுங்க. மறைத்தால் எப்படியும் சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷனில் வெளியே வந்துவிடும்.

இதே மனிதர் பதினொரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16-இல், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் கிளார்க், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். போர்ட் டிரஸ்டுக்குப் போன கடிதத்தில் ஒரு தேற்றம்கூட இல்லை. அந்த மேசைக்குத் தேவை கூட்டல் பிசகாத ஒரு கணக்கர். ஹார்டிக்குப் போனதில் அதுதான் எல்லாமே. ஆள் ஒன்று, காகிதம் இரண்டு. நாம என்னடான்னா டிசிஎஸ்ஸுக்கும் டயர் ஃபேக்டரிக்கும் ஒரே பிடிஎஃப் அனுப்புறோம். (ஹார்டிக்கு எழுதியதில் தன் வயதைச் சுமார் 23 என்று போட்டிருந்தார், உண்மையில் 25. அவருக்குச் செல்லும், நமக்குச் செல்லாது. பிறந்த தேதியைச் சரிபாருங்க.)

இந்தக் கதையில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த நாலு வாக்கியம் மட்டும் வேலை வாங்கித் தரவில்லை. ராமானுஜன் அதற்கு முன்பே நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்திருக்கிறார். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்த ராமசாமி ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று அந்த வரிசை போகிறது. போர்ட் டிரஸ்டில் இருந்த நாராயண ஐயரும் அதே கணித வட்டாரத்து ஆள்தான். அதாவது காகிதம் போவதற்கு முன்னாலேயே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்மில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வட்டாரம் கிடையாது. வீட்டில் முதல் டிகிரி. அப்பா துறைமுகத்தில் லோடு வேலை, அம்மா மீன் வியாபாரம் என்றால் யாரிடம் போய் நோட்டைக் காட்டுவது? ஜாப் ஃபேர் அதற்குத்தான். அன்னைக்கே ஆஃபர் லெட்டர் கையில் வரும்னு போனா ஏமாற்றம்தான். ரெஸ்யூமேக்குப் பின்னால் இருக்கிற ஆளை மூன்று நிமிஷம் காட்டிவிட்டு வருகிற இடம் அது.

சரி, நோட்டில் என்ன இருக்கணும்? காசிமேட்டுப் பையன் ஒருத்தன், மெக்கானிக்கல். அவன் ரெஸ்யூமேயில் "ஹார்டு ஒர்க்கர், டீம் பிளேயர், ஹாபி: பாட்டு கேட்பது" என்று இருந்தது. பேசிப் பார்த்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்க நிற்கும்போது, இரண்டு வருஷமாக மாமாவோடு சேர்ந்து டீசல் இன்ஜின் பிரித்து மாட்டியிருக்கிறான். ஏன்டா எழுதலன்னு கேட்டா, "அது வீட்டு வேலைடா" என்கிறான். எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்ட் லாரிக்கு மட்டுமல்ல, படகுக்கும் இன்ஜின் செய்கிற கம்பெனி. அந்த ஸ்டாலில் "டீம் பிளேயர்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு, "இரண்டு தடைக்காலங்களில் இன்ஜின் ஓவரால், இன்ஜெக்டர் சுத்தம் செய்தது, கேஸ்கெட் மாற்றியது" என்ற வரிக்கு என்ன மதிப்பு? லேத் பட்டறையில் சாயங்காலம் நின்றது, கன்டெய்னர் யார்டில் லீவுக்கு டேலி எழுதினது எல்லாம் இதே கணக்குதான். என்ன செய்தேன், எதை வைத்து, எத்தனை, என்ன ஆச்சு என்று எழுதுங்க. செய்யாததை எழுதாதீங்க; இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

ஒரு பக்கம் போதும். "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து..." என்று போகும் அப்ஜெக்டிவை எடுத்துவிடுங்க, எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீங்க என்று ஒரு வரி இருந்தால் போதும். ஆதார் எண், மதம், சாதி, அப்பாவின் தொழில் எதுவும் வேண்டாம். காதலர் காலத்து மெயில் ஐடியையும் மாற்றிடுங்க.

ஸ்டாலுக்குப் போவதற்கு முந்தின நாள் அந்தக் கம்பெனியைப் பற்றிக் கால் மணி நேரம் படிங்க. நாம தினமும் பஸ்ஸில் கடக்கிற சுவர்தான், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. அசோக் லேலண்ட் 1948-இல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்தது. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்கிற ஒரு ஷெட்டில் தொடங்கியது. வல்லூர் அனல்மின் நிலையம் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. இதை ஒப்பிக்கச் சொல்லவில்லை, ஒரு நல்ல கேள்வி கேட்க உதவும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது வீட்டைவிட்டு ஓடினவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. அந்த கெமிக்கல் மாணவி ஒரு ஆலையின் ஸ்டாலில் நின்று, "உங்க பைப்லைன் இன்ஸ்பெக்ஷன் டீமில் ஃப்ரெஷர்ஸ் எடுப்பீங்களா?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அன்றைய தினம் கூட்டம் ஐடி ஸ்டாலில்தான் மொய்க்கும். உங்களுக்குக் கோர் வேலை வேணும்னா காலையிலேயே கோர் ஸ்டாலுக்குப் போங்க. மதியத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவருக்கே களைப்பு. கண்டிப்பாக வேணும்னு நினைக்கிற கம்பெனிக்கு முதலில் போகாமல், வேறு ஒன்றில் பேசி நாக்கைச் சரிபண்ணிக்கொண்டு போவது நல்லது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டினால் என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறிடுங்க. இங்கிலீஷ் தடுக்கினால், "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்க. தப்பான இங்கிலீஷில் ஒன்றும் சொல்லாமல் வருவதைவிட அது மேல்.

கேட்கத் தயங்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கு. நம்ம பெல்ட்டில் கேட் மேலே ஒரு கம்பெனி பேர், சம்பளச் சீட்டில் வேற பேர் இருப்பது சகஜம். "ஆஃபர் லெட்டர் யார் பேரில் வரும்? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா? பி.எஃப். உண்டா? ஷிப்டுக்கு வண்டி உண்டா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

"அப்ரண்டிஸ்" என்று சொன்னால் அது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகணும் என்று சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. 2019-இல் திருத்திய விதியில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. தரமணியில் இருக்கும் தொழிற்பயிற்சி வாரியத்தில் பதிந்து பெரிய ஆலையில் ஒரு வருஷம் இருந்தால் ரெஸ்யூமேயில் எழுத நிஜமான வரிகள் கிடைக்கும். ஆனா வேலைன்னு நினைச்சு சேராதீங்க.

இன்னொன்று: துறைமுகம், மணலி ரிஃபைனரி மாதிரி பொதுத்துறை இடங்கள் நிரந்தரப் பொறியாளர்களை அறிவிப்பு கொடுத்து, தேர்வோ கேட் மதிப்பெண்ணோ பார்த்துத்தான் பொதுவாக எடுக்கும். "ஹார்பர்ல ஆள் தெரியும், முன்பணம் மட்டும் கட்டு" என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஸ்டாலில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துடுங்க. நம்ம தெருக்களில் நகையை அடகு வைத்து இப்படிக் கட்டின குடும்பங்கள் இருக்கு.

பேசி முடித்ததும் ஸ்டாலை விட்டு நகர்ந்து, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதிக்குங்க. இரவே ஒரு சின்ன மெயில், அவர் கேட்ட வேலைக்குத் திருத்தின ரெஸ்யூமேயோடு. ஃபைல் பேர் "ரெஸ்யூமே ஃபைனல் 3" என்று இருக்க வேண்டாம், உங்க பேர் இருக்கட்டும். பதில் வரலைன்னா இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். ராமானுஜனுக்கே மூன்று வாரம் ஆச்சு.

ஃபேருக்கு முந்தின வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நம்ம பத்திரிகைக் குழு லைப்ரரி வராந்தாவில் இருக்கும். ரெஸ்யூமேயை எடுத்துட்டு வாங்க. இரண்டு இறுதியாண்டு அக்காக்கள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாங்க. டிக்ளரேஷனில் இருக்கிற பேரை நான் பார்த்துக்கிறேன்.