டெண்டரில் தோற்றவர் யாரிடம் கேட்பது?

ஆயர் ஈத்தாமையும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையையும் இணைக்கும் மாற்றுச்சாலைத் திட்டம் மாணவர்களுக்குத் தெரியும். அப்படியொரு வேலையை எந்த நிறுவனத்திடம் கொடுப்பது என்பதை எந்த விதி முடிவு செய்கிறது?

நம் நாட்டில் அரசாங்கக் கொள்முதலுக்கென்று நீண்டகாலம் தனிச் சட்டம் இருந்ததில்லை. 1949-ஆம் ஆண்டு அரசாங்கக் குத்தகைச் சட்டம் யார் கையெழுத்திடலாம் என்பதைச் சொல்கிறது. டெண்டர் நடைமுறை பெரும்பாலும் நிதியமைச்சின் சுற்றறிக்கைகளில்தான் இருந்தது. சுற்றறிக்கையை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பினாங்கு 2008 முதல் திறந்த டெண்டரைக் கடைப்பிடிக்கிறது. ஆனால் அது ஆட்சியின் கொள்கை, ஆட்சி மாறினால் அதுவும் மாறலாம்.

2025 ஆகஸ்ட் 28-இல் அரசாங்கக் கொள்முதல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. டெண்டரில் தோற்ற நிறுவனம் மறுஆய்வு கேட்கவும், தீர்ப்பாயத்துக்குப் போகவும் அந்த மசோதா வழிசெய்கிறது. சிறு குத்தகையாளருக்கு இது பெரிய விஷயம். 'கேள்வி கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது' என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொள்பவர்கள் உண்டு.

ஆனால் நிதியமைச்சரிடமும், மாநிலங்களில் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரிடமும் அதிகாரம் குவிகிறது என்பது விமர்சகர்களின் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. தீர்ப்பு சொல்பவரை அமைச்சரே நியமித்தால், தோற்றவர் எந்தத் தைரியத்தில் அங்கே போவார்?

கூட்டரசு டெண்டர்களை வென்ற நிறுவனங்களின் பெயரும் விலையும் 'மைபுரோக்யூர்மெண்ட்' அகப்பக்கத்தில் இருக்கின்றன. ஒருமுறை திறந்து பாருங்கள்.