அட்ரீனலின் தாமதிக்கலாகாது

வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஜெயமங்கலத்தில், நிலக்கடலையோ முட்டையோ இறால் குழம்போ உண்ட சில நிமிஷங்களுக்குள் ஒருவருக்கு உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, உதடும் நாவும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்குமாயின், அது பித்தமென்று எண்ணிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கத்தக்க வேளையன்று.

கடற்சாமந்தியின் விஷத்தைச் சிறு அளவில் ஏற்றிப் பிழைத்த நாய்களுக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அதையே ஏற்றியபோது, காப்பு உண்டாவதற்குப் பதிலாக அவை உடனே மாண்டதைக் கண்ட ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், 1902-இல் இவ்விபரீதத்திற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேற்சொன்ன உபத்திரவமும் இதுவே. சரீரத்தைக் காக்க வேண்டிய சக்தியே வரம்பு மீறிச் சீறுவதால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சுவாசக் குழல்கள் சுருங்குகின்றன. தடிப்பே தோன்றாமலும், வாந்தியும் மயக்கமும் மட்டுமாகவும் இது வரக்கூடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்குரிய பிரதான ஔஷதம் அட்ரீனலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுகிறது. 5 நிமிஷத்தில் குணம் தெரியாவிடில் மறுமுறையும் போடலாம். செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்குமேயன்றி உயிரைக் காக்காது. ஆகையால் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடத்திச் சென்று மோட்டார் சைக்கிளில் ஏற்றுவது பேராபத்து. ரத்த அழுத்தம் சரிந்தவர் திடீரென எழுந்தால் இருதயமே நின்றுவிடக்கூடும். தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் உபத்திரவம் திரும்பக்கூடுமாதலால், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்தே வீடு திரும்ப வேண்டும்.