உங்களுக்குத் தெரியுமா? எந்த நுழைவுத் தேர்வை முதலில் எழுதுவது?

பிளஸ் டூ வகுப்பு தொடங்கியதுமே நீட், ஜேஇஇ, கியூட், கிளாட் என்று பெயர்கள் வரிசைகட்டி வருகின்றன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம் என்று இறங்குகிற பிள்ளை, எதற்கும் முழுதாகத் தயாராக முடியாமல் திணறுகிறது. எதை முதலில் வைப்பது, எதைத் தள்ளி வைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க உதவும் தகவல்கள் இங்கே.

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே இல்லை
1984-ல் தொடங்கிய மாநிலப் பொது நுழைவுத் தேர்வை, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு அரசு நீக்கிவிட்டது. கிண்டி பொறியியல் கல்லூரி உட்பட, அரசு கவுன்சலிங்கில் வரும் பி.இ. இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கட்-ஆஃப் 200. உள்ளூரிலேயே பொறியியல் படிக்க விரும்பும் மாணவருக்குப் பொதுத்தேர்வுதான் முதல் நுழைவுத் தேர்வு.

ஒரே பிளஸ் டூ ஆண்டில் ஒன்பது தேதிகள்
2025-ல் பிளஸ் டூ முடித்தவர்களின் காலண்டர் இது: கிளாட் 2024 டிசம்பர் 1, ஜேஇஇ மெயின் முதல் சுற்று ஜனவரி 22 முதல், பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை, ஜேஇஇ இரண்டாம் சுற்று ஏப்ரல் 2 முதல், நீட் மே 4, கியூட் மே 13 முதல், ஜேஇஇ அட்வான்ஸ்டு மே 18, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐஏடி மே 25, தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கான நெஸ்ட் ஜூன் 22. நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறினாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். ஆனால் காலண்டரில் முதலில் வருவதுதான் உங்களுக்கும் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஜனவரியில் சறுக்கினாலும் நஷ்டமில்லை
என்ஐடி சேர்க்கைக்கும் ஐஐடி-க்கான அட்வான்ஸ்டு தேர்வுக்கும் வழியான ஜேஇஇ மெயின் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இரண்டையும் எழுதினால், இரண்டில் எது அதிகமோ அந்த மதிப்பெண்தான் ரேங்குக்குப் போகும். கணிதப் பிரிவு மாணவர்கள் ஜனவரிச் சுற்றை முதல் தேர்வாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஏப்ரலை மட்டும் நம்பியிருந்தால் நெருக்கடிதான். 2025-ல் பொதுத்தேர்வு முடிந்த எட்டாம் நாளே ஏப்ரல் சுற்று தொடங்கிவிட்டது.

‘ஜனவரி சுலபம், ஏப்ரல் கஷ்டம்’ என்பது கணக்கில் நிற்காது
ஜேஇஇ மெயினில் உங்களோடு அதே வேளையில் அதே வினாத்தாளை எழுதியவர்களுடன் ஒப்பிட்டுத்தான் பர்சன்டைல் தரப்படுகிறது. தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும் கடினம். சுலபமான சுற்றைத் தேடி முதல் வாய்ப்பைக் கைவிடாதீர்கள்.

நீட்டுக்கு ஆண்டில் ஒரே நாள்
நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் சரிபாதியான 360 உயிரியலுக்கு. ஒருவர் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. ஆனால் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மருத்துவம்தான் குறிக்கோள் என்றால் மற்ற தேர்வுகள் அனைத்தும் நீட்டுக்குப் பின்னால் நிற்கட்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படிப்பவர்கள், ஜனவரி ஜேஇஇ-யை இயற்பியல், வேதியியல் பயிற்சியாகப் பயன்படுத்தலாம். அதற்காக உயிரியலுக்கு உரிய நேரத்தைப் பறிகொடுத்துவிடக் கூடாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம்
ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. மருத்துவத்துக்கு நீட் எழுதியே ஆக வேண்டும். பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். வரிசை போடும்போது இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

தமிழில் எழுதலாம், எல்லாவற்றையும் அல்ல
ஜேஇஇ மெயின், நீட், கியூட் மூன்றுக்கும் தமிழ் உட்பட 13 மொழிகளில் வினாத்தாள் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று வழக்கு எழுந்தது. 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தமிழ் வழி மாணவர்கள் அறிவியல் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்துவைத்துக்கொள்வது பெரிய பாதுகாப்பு.

அட்வான்ஸ்டுக்கு இரண்டே வாய்ப்பு
ஜேஇஇ மெயினைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதலாம். ஐஐடி-க்கான அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுத முடியும். மெயினில் முதல் 2,50,000 இடங்களுக்குள் வருபவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும்.

பொதுத்தேர்வை ஒதுக்கினால் ரேங்க் இருந்தும் இடம் போகலாம்
என்ஐடி, ஐஐடி இரண்டிலும் சேரப் பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65 சதவீதம். அது இல்லையென்றால் உங்கள் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். ஜனவரித் தேர்வுக்காகத் திருப்புதல் தேர்வுகளைக் கைகழுவிவிடுவது ஆபத்து.

ஒரு தேர்வு, பல வாசல்
ஐஏடி-யில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். ஏழு ஐசர் நிறுவனங்களுடன், பெங்களூரு ஐஐஎஸ்சி-யும் சென்னை ஐஐடி-யின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பட்டப்படிப்பும் இந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன. நீட் அல்லது ஜேஇஇ-க்குப் படித்தவருக்குப் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசம் இருக்கும். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதை இரண்டாவது தேர்வாக வைப்பது நல்லது.

டிசம்பரிலேயே முடிந்துவிடும் கிளாட்
தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட்டில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். பத்திகளை வேகமாக வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன்தான் அடிப்படை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே வழி. டிசம்பரில் வருவதால் தயாரிப்பு பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும். மாநில அரசு சட்டக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும்.

திருவாரூருக்கும் தில்லிக்கும் கியூட்
2022-ல் தொடங்கிய கியூட், திருவாரூர், தில்லி உள்ளிட்ட இடங்களில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கானது. 2025 முதல் அதிகபட்சம் ஐந்து பாடங்களை எழுதலாம். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் சேர விரும்பும் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டணமும் ஒரு செலவு
2025-ல் பொதுப் பிரிவினருக்கு நீட் கட்டணம் ரூ.1,700, ஜேஇஇ மெயின் ஒரு சுற்றுக்கு மாணவர்களுக்கு ரூ.1,000, மாணவிகளுக்கு ரூ.800; கிளாட் ரூ.4,000. பயணச் செலவு தனி. ‘எதற்கும் ஒன்று எழுதி வைப்போம்’ என்று போடும் விண்ணப்பங்கள் வீட்டின் பணத்தையும் பிள்ளையின் நேரத்தையும் சேர்த்தே தின்றுவிடும்.

வரிசை போட மூன்று கேள்விகள்
நான் விரும்பும் படிப்புக்கு இந்தத் தேர்வு கட்டாயமா? இந்த ஆண்டிலேயே இரண்டாம் வாய்ப்பு உண்டா? இதன் பாடம் நான் ஏற்கெனவே படிப்பதில் அடங்குகிறதா? கட்டாயமானது முதன்மைத் தேர்வு. இரண்டாம் வாய்ப்பு உள்ளதை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். பாடம் அடங்குவதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அந்தத் தேர்வு வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் கணித மாணவருக்கு ஜனவரி ஜேஇஇ, பொதுத்தேர்வு, தேவைப்பட்டால் ஏப்ரல் ஜேஇஇ, பிறகு அட்வான்ஸ்டு. உயிரியல் மாணவருக்குப் பொதுத்தேர்வு, நீட், ஐஏடி. வணிகவியல், கலைப்பிரிவு மாணவருக்கு கிளாட், பொதுத்தேர்வு, கியூட். கிளாட், ஜனவரி ஜேஇஇ விண்ணப்பங்கள் நவம்பருக்குள் முடிந்துவிடுவது வழக்கம். ஆகவே காலாண்டு விடுமுறையிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சில் முதல் கருத்து பிள்ளையுடையதாக இருக்கட்டும்.