பொலெஸ்வாஃப் (பெயர்)

பொலெஸ்வாஃப் என்பது ஸ்லாவிய மொழிகள் பேசும் மக்களிடையே வழங்கும் பழமையான ஆண்பெயர்களுள் ஒன்றாகும். போலந்தின் முதல் அரச மரபான பியாஸ்த் மரபில் இப்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. போலந்தில் முதன்முதலாக முடிசூடிய மன்னரின் பெயரும் இதுவே. செக் மொழியில் இது பொலெஸ்லாவ் என்றும், இடைக்கால இலத்தீன் ஆவணங்களில் பொலெஸ்லாவுஸ் என்றும் வழங்குகிறது.

பொருளும் ஒலிப்பும்

இப்பெயர் இரண்டு பழைய ஸ்லாவியச் சொற்களின் கூட்டு. முதற்பகுதி 'மிகுதியான, மேலும் பெரிய' என்ற பொருளுடையது. பிற்பகுதி 'புகழ்' எனப் பொருள்படும். எனவே 'பெரும்புகழ் உடையவன்' என்று இதற்குப் பொருள் கூறலாம். விளாதிஸ்லாவ், மிரோஸ்லாவ், ஸ்தானிஸ்லாவ் போன்ற பெயர்களின் ஈற்றில் உள்ளதும் இதே 'புகழ்'தான்.

போலிய மொழியில் குறுக்குக் கோடிட்ட 'ல' எழுத்து இன்று 'வ' போல ஒலிக்கிறது. சொல்லின் இறுதியில் வரும் 'வ்' என்பது 'ஃப்' ஆக மாறுகிறது. செக் மொழியின் 'லாவ்' போலந்தில் 'வாஃப்' என்று கேட்பதற்கு இதுவே காரணம். வீட்டில் அழைக்கும் குறுக்கம் பொலெக். சிலேசியாவின் சிற்றரசர் சிலர் பொல்கோ என்ற குறுக்க வடிவத்திலேயே வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். 1960களில் தொடங்கிய 'பொலெக்கும் லொலெக்கும்' என்ற போலந்துச் சித்திரப்படத் தொடரால் அக்குறுக்கப் பெயர் பல நாட்டுக் குழந்தைகளுக்கும் அறிமுகமானது.

பெயர் போலந்துக்கு வந்த வழி

போலந்து அரச குடும்பத்துக்கு இப்பெயர் தாய்வழியில் வந்தது. போலந்தின் ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோ, இன்றைய செக் நாட்டின் பகுதியான பொகீமியாவின் இளவரசி டொப்ராவாவை மணந்தார். அதைத் தொடர்ந்து 966ஆம் ஆண்டில் அவர் கிறித்தவரானார். மறு ஆண்டு பிறந்ததாகக் கருதப்படும் மகனுக்கு, டொப்ராவாவின் தந்தையான பொகீமியாவின் முதலாம் பொலெஸ்லாவின் பெயர் இடப்பட்டது.

அந்தப் பாட்டனுக்கு வரலாறு கொடுத்த அடைமொழி 'கொடியவர்' என்பதாகும். ஆட்சியில் இருந்த தம் அண்ணன் வென்செஸ்லாசை அவர் தம் ஊருக்கு விருந்துக்கு அழைத்தார். அங்கே தேவாலய வாசலில் அவருடைய ஆட்கள் அண்ணனைக் கொன்றனர். நிகழ்ந்த ஆண்டு 929 என்றும் 935 என்றும் இருவகையாகக் கூறப்படுகிறது. கொல்லப்பட்ட அண்ணன் புனிதராகவும் செக் நாட்டின் காவலராகவும் போற்றப்படுகிறார். கொலை நடந்த ஊர் இன்றும் ஸ்தாரா பொலெஸ்லாவ், அதாவது 'பழைய பொலெஸ்லாவ்' என்றே அழைக்கப்படுகிறது. 'இளைய பொலெஸ்லாவ்' எனப் பொருள்படும் மிலாடா பொலெஸ்லாவ் வேறோர் ஊர். ஸ்கோடா கார்கள் உருவாகும் நகரம் அதுவே.

முதல் மன்னர்

பெயரன் பாட்டனை விஞ்சினார். 'வீரர்' என்ற அடைமொழி கொண்ட முதலாம் பொலெஸ்வாஃப் 992இல் ஆட்சிக்கு வந்தார். பால்டிக் கரையில் பிரஷ்யர்களிடையே மதம் பரப்பச் சென்ற ஆயர் வொய்சியெக் 997இல் கொல்லப்பட்டபோது, அவரது உடலை மீட்டுக் க்னியெஸ்னோ நகரில் அடக்கம் செய்தார். உடலின் எடைக்கு எடை பொன் கொடுத்தார் என்பது மரபுக் கதை. 1000ஆம் ஆண்டில் பேரரசர் மூன்றாம் ஓட்டோ அக்கல்லறையைத் தரிசிக்க நேரில் வந்தார். போலந்துக்கெனத் தனிப் பேராயர் பீடமும் அப்போது அமைந்தது. ஓட்டோ பரிசளித்த புனித ஈட்டியின் படி ஒன்று கிராக்கோவ் நகரில் இன்றும் உள்ளது.

அதன் பின்னரும் முடிக்காக அவர் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டோவுக்குப் பின் வந்த இரண்டாம் ஹென்றியுடன் 1018 வரை விட்டுவிட்டுப் போர் நடந்தது. அதே ஆண்டில் கீவ் நகரையும் அவர் கைப்பற்றினார். கீவின் பொற்கதவில் வாளால் வெட்டியதால் வாளின் கூரில் பள்ளம் விழுந்தது என்று ஒரு கதை உண்டு. கதை அழகானதுதான், ஆனால் அந்தப் பொற்கதவு கட்டப்பட்டதே அவர் இறந்த பின்னர்தான். பிற்கால மன்னர்களின் முடிசூட்டு வாளாகப் பயன்பட்டு, அவருடையது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட வாளும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1025இல் பொலெஸ்வாஃப் மன்னராக முடிசூடினார். அதே ஆண்டு சூன் மாதத்தில் இறந்தார்.

இரண்டாம் பொலெஸ்வாஃபும் ஆயரின் கொலையும்

முதலாமவரின் கொள்ளுப்பெயரனான இரண்டாம் பொலெஸ்வாஃப் 1058இல் ஆட்சிக்கு வந்தார். போப்புக்கும் ஜெர்மானிய மன்னருக்கும் நடந்த அதிகாரப் போட்டியில் போப் ஏழாம் கிரகோரியின் பக்கம் நின்றார். 1076ஆம் ஆண்டு கிறித்துமஸ் நாளில் முடிசூடினார். மூன்றே ஆண்டுகளில் அனைத்தும் குலைந்தது. 1079இல் கிராக்கோவின் ஆயர் ஸ்தானிஸ்வாஃப் மன்னரின் கட்டளையால் கொல்லப்பட்டார். உள்நாட்டில் எதிர்ப்பு மூண்டு, மன்னர் ஹங்கேரிக்கு ஓடினார். ஓரிரு ஆண்டுகளில் அங்கேயே இறந்தார்.

ஆயர் ஏன் கொல்லப்பட்டார் என்பதில் பழைய நூல்கள் ஒத்துப்போகவில்லை. நிகழ்ச்சிக்குச் சுமார் 35 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய, காலஸ் என்று அழைக்கப்படும் பெயர் அறியாத வரலாற்றாசிரியர், ஆயரைத் துரோகி எனக் குறிப்பிடுகிறார். ஆனால் மன்னர் பழிவாங்கிய முறையையும் அவர் ஏற்கவில்லை. நூறாண்டு கழித்து எழுதிய வின்சென்டி கட்வூபெக், தாமே கிராக்கோவின் ஆயராக இருந்தவர். அவர் நூலில் கொடுங்கோலனைத் தட்டிக்கேட்ட தியாகியாக ஸ்தானிஸ்வாஃப் காட்சியளிக்கிறார். மக்கள் மனத்தில் நிலைத்தது இந்த இரண்டாவது வடிவமே. 1253இல் திருச்சபை ஸ்தானிஸ்வாஃபைப் புனிதராக அறிவித்தது. மன்னர் ஊமைபோல் நடித்து, ஆஸ்திரியாவின் ஓசியாக் மடத்தில் தவமிருந்து இறந்தார் என்ற கதையும் பரவியது. அவருடைய கல்லறை எனக் கூறப்படும் ஒன்றை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். அவருக்கு 'துணிந்தவர்', 'வள்ளல்' என இரண்டு அடைமொழிகள் உள்ளன. எதைப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

இப்பெயர் கொண்ட ஆட்சியாளர்கள் ஐவர் என எண்ணப்பட்டாலும், மன்னராக முடிசூடியவர்கள் மேற்கண்ட இருவர் மட்டுமே. 1076க்குப் பின் போலந்தில் எந்தப் பொலெஸ்வாஃபும் முடிசூடவில்லை. மாறாக, கொல்லப்பட்ட ஆயரின் பெயரில் இரு மன்னர்கள் பிற்காலத்தில் ஆண்டனர். போலந்தின் கடைசி மன்னரின் பெயரே ஸ்தானிஸ்வாஃப் ஆகஸ்ட் என்பதாகும்.

மற்ற மூவர்

'கோணவாயர்' எனப்பட்ட மூன்றாம் பொலெஸ்வாஃப் 1109இல் ஜெர்மானியப் படையெடுப்பைத் தடுத்தார், பொமெரேனியாவைக் கைப்பற்றினார். காலஸ் தம் நூலை எழுதியது இவருடைய அவையில்தான். ஆனால் தம்முடன் ஆட்சிக்குப் போட்டியிட்ட அண்ணன் ஸ்பிக்னியெஃபின் கண்களைக் குருடாக்கியவரும் இவரே. தம் மகன்களுக்கு அந்நிலை வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நாட்டை அவர்களிடையே பிரித்து, மூத்தவருக்கு மேலாண்மை தரும் ஏற்பாட்டைச் செய்தார். 1138இல் அவர் இறந்ததும் சகோதரர்கள் மோதிக்கொண்டனர். நாடு ஏறத்தாழ 200 ஆண்டுகள் துண்டுபட்டுக் கிடந்தது.

'சுருள்முடியர்' நான்காம் பொலெஸ்வாஃப் அம்மகன்களுள் ஒருவர். 1157இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவிடம் பணிய நேர்ந்தது.

'கற்புடையவர்' ஐந்தாம் பொலெஸ்வாஃபும் அவர் மனைவியான ஹங்கேரிய இளவரசி கிங்காவும் துறவு நோன்பு பூண்டு வாழ்ந்தனர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மங்கோலியர் படையெடுப்பில் அழிந்த கிராக்கோவுக்கு 1257இல் புதிய நகரச் சாசனம் வழங்கியவர் இவர். அந்நகரின் பெரிய சந்தைச் சதுக்கம் அப்போது வகுக்கப்பட்டதே. ஆயர் ஸ்தானிஸ்வாஃப் புனிதராக்கப்பட்டபோது கிராக்கோவை ஆண்டவரும் இந்தப் பொலெஸ்வாஃப்தான். கிங்கா 1999இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கிங்காவின் தங்கையை மணந்த 'பக்தர்' பொலெஸ்வாஃப் இந்த எண்வரிசையில் வராத சிற்றரசர். 1264இல் அவர் காலிஷ் நகரில் வெளியிட்ட சாசனம் யூதர்களுக்குப் பாதுகாப்பும் வணிக உரிமையும் அளித்தது. பிற்காலப் போலந்தில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ வழிவகுத்த ஆவணங்களுள் இது முதன்மையானது.

பிற்காலத்தில்

புனிதர் பெயர்களை இடும் வழக்கம் ஓங்கியபோது, புனிதர்களின் பெயர்களாக இருந்த ஸ்தானிஸ்வாஃப், வொய்சியெக், வாட்ஸ்வாஃப் ஆகியவை தடையின்றித் தொடர்ந்தன. இவற்றுள் வாட்ஸ்வாஃப் என்பது வென்செஸ்லாசின் போலிய வடிவம். பொலெஸ்வாஃப் பெயரில் அப்படி ஓர் இடைக்காலப் புனிதர் இல்லை. நாடு வரைபடத்திலிருந்தே நீங்கியிருந்த 19ஆம் நூற்றாண்டில், பழைய மன்னர்களின் நினைவு மதிப்புப் பெற்றது. இப்பெயரும் மீண்டும் பரவலாயிற்று.

அக்காலத்தவருள் பெரும்புகழ் பெற்ற பொலெஸ்வாஃப் பிரூஸ் (1847–1912) என்பவருக்கு இது இயற்பெயர் அன்று. அலெக்சாந்தர் குவொவாட்ஸ்கி என்ற அவர் 1863 எழுச்சியில் சிறுவனாகவே போரிட்டுக் காயமுற்றவர். 'பொம்மை', 'பாரோ' ஆகிய நாவல்களைப் படைத்தார். பொலெஸ்வாஃப் லெஷ்மியான் (1877–1937) புதுச் சொற்களை ஆக்கி எழுதிய கவிஞர். பொலெஸ்வாஃப் பியெருட் (1892–1956) இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்தைப் பொதுவுடைமை ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்த தலைவர். 1956 மார்ச்சில் மாஸ்கோவில் இறந்தார். ஸ்டாலினின் குற்றங்களைக் குருஷ்சேவ் மூடிய அவையில் வெளிப்படுத்திய சில நாட்களில் அந்த இறப்பு நிகழ்ந்தது.

பெண்பாற் பெயர் பொலெஸ்வாவா. இவ்வடிவத்தைக் கொண்ட அருட்சகோதரி பொலெஸ்வாவா லமெந்த், 1991இல் போப் இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.