மிளகு மணம் யாருக்குத் தெரிகிறது?

நியூயார்க்கைச் சேர்ந்த லென் தாம்சன் 2004-ல் ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். மாதத்தில் ஒரு புதன்கிழமை. அந்த மாதப் பொறுப்பாளர் முன்கூட்டியே ஒரு தலைப்பை அறிவித்துவிடுவார். அது ஒரு திராட்சை ரகமாக இருக்கலாம், ஒரு வட்டாரமாக இருக்கலாம். ஆர்வலர்கள் அவரவர் ஊரில் அதற்குப் பொருந்தும் ஒயின் ஒன்றை வாங்கிச் சுவைத்து, தமக்குத் தெரிந்ததை எழுதி இணையத்தில் பகிர்வார்கள். பொறுப்பாளர் எல்லாவற்றையும் தொகுத்து வெளியிடுவார். 2020 ஊரடங்கில் இந்தப் பழக்கம் காணொளிக்கும் பரவியது. பல ஒயின் ஆலைகளே வீடுகளுக்குப் பாட்டில்களை அனுப்பி, திரை வழியாகச் சேர்ந்து சுவைக்க அழைத்தன.

எதற்காக இப்படிக் கூட வேண்டும்? நல்ல பாட்டில் எது என்று அறிவதற்கு என்றால், விவரம் தெரிந்த கடைக்காரர் ஒருவரே போதும். என் பார்வையில் பயன் வேறு. நம் மூக்குக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்பதைத் தனியே குடித்து ஒருவர் ஒருநாளும் அறிய முடியாது. பக்கத்தில் இன்னும் சில மூக்குகள் வேண்டும்.

அதனால் தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். ‘சிவப்பு ஒயின்’ என்று அறிவித்தால் ஆளுக்கொன்று வாங்குவார்கள், எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கில் சீரா என்றும், ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ் என்றும் அழைக்கப்படுவது ஒரே திராட்சை. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்குங்கள் என்று சொன்னால், வெயிலும் குளிரும் ஒரே பழத்தை எப்படி மாற்றுகின்றன என்பது முதல் மடக்கிலேயே பேச்சுப்பொருளாகிவிடும்.

அடுத்தது, பேசுவதற்கு முன் எழுதுவது. இந்த விதி தளர்ந்தால் மற்றதெல்லாம் வீண். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம் நடத்திய சோதனை 2001-ல் வெளியானது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். வெறும் வெள்ளை ஒயினாகத் தந்தபோது அதற்கு வெள்ளை ஒயினுக்குரிய சொற்களை எழுதியவர்கள், சாயமேறிய அதே ஒயினுக்குச் சிவப்பு ஒயினின் மணங்களை வரிசையாக எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. நிறத்துக்கே இவ்வளவு வலிமை என்றால், லேபிளில் உள்ள பெயருக்கும் விலைக்கும் சொல்லவே வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் பாட்டில்களைத் தாளில் சுற்றி எண்ணிட்டுத் தரச் சொன்னால் அந்த இடையூறு போய்விடும்.

நேரில் கூடும் குழுவைவிட இணையக் குழுவுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, மூத்தவர் ஒருவர் “செர்ரிப்பழம்” என்று சொன்ன நொடியில் எல்லாருக்கும் செர்ரி மணக்கத் தொடங்கிவிடும். தனித்தனி ஊரில் இருப்பவர்கள் குறிப்பை முதலில் பொறுப்பாளருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு மற்றவர்களுடையதைப் படித்தால் அந்தத் தொற்று இல்லை.

சொற்களுக்கும் ஒரு பொது அளவு வேண்டும். ‘கம்பீரமான ஒயின்’ என்பதிலிருந்து அடுத்தவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் 1980-களில் உருவாக்கிய மணச் சக்கரம் இதற்காகவே பிறந்தது. பழம், பூ, மசாலா என்று தொடங்கி, பழம் என்றால் எந்தப் பழம் என்று உள்ளிருந்து வெளிவட்டத்துக்கு அது நகரும். விலை குறைந்த, மணம் குறைவான ஒயினில் ஒரு கிராம்பையோ குடைமிளகாய்த் துண்டையோ சற்றுநேரம் ஊறவைத்து முகர்ந்து பழகினால், அந்தச் சொல்லும் அந்த மணமும் எல்லாருக்கும் ஒன்றாகிவிடும்.

இவ்வளவு ஒழுங்குக்குப் பிறகும் குறிப்புகள் ஒத்துப்போகாது. சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. குளிர்ந்த பகுதிகளின் ஷிராஸில் மிளகு மணம் வருவதை ஒயின் அருந்துவோர் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். காரணப் பொருள் ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். நம் மிளகின் மணத்துக்கும் காரணமான பொருள் அது. முதன்முதலில் அறியப்பட்டதோ, நாம் குளியல் பொடியில் சேர்க்கும் கோரைக்கிழங்கில். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் அளவுக்கு வீரியம் கொண்டது. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கு, தண்ணீரில் 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் எதுவும் தெரியவில்லை. பயிற்சிக் குறைவோ கவனக் குறைவோ அல்ல, அந்த ஒரு மணம் மட்டும் அவர்களுக்கு எட்டவில்லை.

பத்துப் பேர் குழுவில் இருவர் அப்படி இருக்கலாம். எட்டுப் பேர் ‘மிளகு’ என்று எழுத, அந்த இருவர் ‘பழச்சுவை, மென்மை’ என்று எழுதுவார்கள். அவர்களைத் திருத்த முயல்வது அநியாயம். அவர்கள் அருந்தியது உண்மையிலேயே வேறு ஒயின்.

எல்லா வேறுபாட்டுக்கும் மூக்கே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒரே லேபிள் கொண்ட இரண்டு பாட்டில்களில் ஒன்றின் தக்கையில் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் இருந்தால், பழ மணம் மங்கி ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வரும். ‘சப்பென்று இருக்கிறது’ என்று ஒருவர் மட்டும் எழுதினால் முதலில் அவருடைய பாட்டிலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவைக்க 50 மில்லி போதும். ஆறு ஒயின் என்றால் அதுவே 300 மில்லி ஆகிவிடும், நான்காவதிலேயே நாக்கு தடுமாறத் தொடங்கும். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுகிறார்கள். அதற்கான பாத்திரம் மேசையில் கட்டாயம் இருக்கட்டும். வண்டி ஓட்ட வேண்டியவர் அன்று சுவைக்காமல் இருப்பதே சரி.

கடைசியில் பொறுப்பாளரின் வேலை. பெரும்பாலானோர் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போட்டு வரிசைப்படுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், மிளகு தெரியாத அந்த இருவரும் சராசரிக்குள் கரைந்துபோவார்கள். ஒவ்வொருவர் குறிப்பையும் அவரவர் பெயரில் மாதாமாதம் சேர்த்துவைப்பதே மேல். ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர் என்ற வெள்ளை ஒயினிலும் ரோட்டண்டோன் உண்டு. ஷிராஸ் மாதத்துக்குப் பிறகு காரணம் சொல்லாமல் அதைத் தலைப்பாக அறிவித்து, பழைய குறிப்புகளோடு வைத்துப் பார்த்தால், அந்த இருவரும் மறுபடி மிளகைத் தவறவிடுகிறார்களா என்று தெரிந்துவிடும்.