வானம் பார்த்த பூமியில் பிள்ளை வளர்ப்பு

கடம்பூர்ப் பக்கத்தில் ஒரு குழந்தையின் வளர்ச்சியை அது பிறப்பதற்கு முன்பே மழை தொட்டுவிடுகிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே, மதுரை – திருநெல்வேலி ரயில் பாதையில் இருக்கும் இவ்வூரைச் சுற்றிப் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைப்பார்கள். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, கம்பு எல்லாம் அந்த ஒரு பட்டத்தை நம்பியவை. அது தவறினால் மறு வருசம்வரை வெள்ளாமை கிடையாது. வீட்டில் எத்தனை வேளை உலை வைப்பது, யாரிடம் கடன் வாங்குவது, அப்பா எந்த ஊருக்கு வேலைக்குப் போவது, மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போவாளா என்பதெல்லாம் அதைப் பொறுத்தே முடிவாகின்றன.

குழந்தையின் வளர்ச்சியை இப்படிச் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் முறைக்கு அறிவியலில் ஓர் உருவம் கொடுத்தவர் யூரி புரோன்ஃபென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1979இல் வெளியான அவருடைய நூல், குழந்தையைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சூழல்கள் இருப்பதாக விளக்கியது. மிக அருகில் குடும்பமும் வகுப்பறையும் தெருவும். அதற்கு வெளியே பெற்றோரின் வேலையிடம். அதற்கும் வெளியே நாட்டின் சட்டமும் வழக்கமும். குழந்தை ஒருநாளும் கால் வைக்காத இடத்தில் எடுக்கப்படும் முடிவுகூட அதன் உடம்பிலும் மனசிலும் வந்து சேரும்.

கரிசல் இலக்கியம் இதை அதற்கு முன்பே சொல்லியிருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில், தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா பிழைப்புத் தேடி மணிமுத்தாற்றுக்குப் போயிருக்கிறார். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. அந்தத் தாயின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆனால் முதலில் தாயைக் குற்றம் சொல்வது நம்மிடையே வழக்கம். அந்த வழக்கத்துக்கு இந்தக் கதையைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

குடும்பத்தின் நிலை குழந்தையின் உடம்பில் மிக ஆழமாகப் பதிவது, கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது முடியும்வரை. மூளை மிக வேகமாக வளரும் காலமும் அதுதான். தாய்க்கு இரும்புச்சத்து குறைந்தால் பிறக்கும் பிள்ளைக்கும் இருப்பு குறைவு. கவனமும் கற்கும் திறனும் பின்னால் அதனால் பாதிக்கப்படுகின்றன. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. கம்பும் குதிரைவாலியும் பயறும் விளையும் கரிசலிலும், விளைந்தது வியாபாரிக்குப் போய், ரேசன் அரிசிச் சோறே மூன்று வேளையும் தட்டில் விழும் வீடுகள் நிறைய உண்டு.

இதைச் சரிசெய்ய எடுத்த நல்ல முயற்சிகளில் ஒன்று 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 மாதம் முதல் 3 வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கொஞ்ச காலம் சத்துணவு கொடுத்து, எப்படி ஊட்டுவது என்று தாய்க்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நிறுக்கும்போதே குறை தெரிந்துவிடுவதால், பிள்ளை மெலிந்து கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சோறு மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்பதற்கு ஜமைக்காவில் வலுவான சான்று கிடைத்தது. 1980களில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து சாலி கிராந்தம்-மெக்ரிகரின் குழு ஓர் ஆய்வு நடத்தியது. சில வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு பிள்ளையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குக் காட்டினார். இரண்டு வருசம்தான் இது நடந்தது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபோது, அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். விடிகாலையில் களையெடுக்கவோ தீப்பெட்டி ஆபீசுக்கோ கிளம்பிப் பொழுதடைந்து திரும்பும் தாய்க்கு, பிள்ளையோடு பேச நேரம் எங்கே இருக்கிறது? கரிசல் ஊர்களில் அந்த இடத்தை நிரப்புபவர் பெரும்பாலும் பாட்டி. கதையும் தாலாட்டும் விடுகதையும் சொல்லி அவர் செய்வது, ஜமைக்காப் பணியாளர் செய்த அதே வேலை.

இந்தப் பகுதியின் பிள்ளைகளை மிக அதிகமாக வருத்தியது தீப்பெட்டித் தொழில்தான். வறண்ட வானிலையும் மலிவான கூலியும் சேர்ந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தை அதன் மையமாக்கின. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை என்று பேசப்பட்டது. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப்போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, சிவகாசிப் பகுதியில் சுமார் 45,000 பிள்ளைகள் இப்படி உழைப்பதாகச் சொல்லி நாட்டை உலுக்கியது. அதிகம் பேர் பெண்பிள்ளைகள். தம்பி படிக்க அக்கா அடுக்கினாள். கூலி எண்ணிக்கைக் கணக்கு. பெற்றோர் வாங்கிய முன்பணத்தைப் பிள்ளையின் விரல்கள் அடைத்தன. இதே துயரத்தை, கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்ற திரைப்படமாக எடுத்தார்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பு. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசே 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை படிக்கும்வரை அந்தத் தொகையின் வட்டி குடும்பத்துக்கு. நடைமுறையில் குறைகள் இருந்தாலும், பிள்ளையை மீட்க வேண்டுமானால் குடும்பத்தின் வருமானத்தைத் தாங்க வேண்டும் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

பள்ளிக்கூடத்தில் சோறு போடும் யோசனையிலும் இதே அறிவுதான் இருக்கிறது. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியது கோவில்பட்டிக்குக் கிழக்கே, பாரதி பிறந்த எட்டயபுரத்தில். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் போனது. வேலைக்கு விடியலிலேயே கிளம்பும் தாய்மாரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் நிலைக்கு இது நேரான மருந்து.

வயிறு நிறைந்தாலும் வீட்டில் தினமும் சண்டையும் குடியும் அடியும் இருந்தால் பிள்ளை தழைக்காது. ஓயாத பயம் உடம்பில் அழுத்தச் சுரப்புகளை எந்நேரமும் உயர்த்தி வைக்கிறது. தூக்கம், நினைவாற்றல், நோய் எதிர்ப்பு எல்லாம் கெடுகின்றன. ஆனாலும் சில பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் சச்சரவும் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு வாய்த்த துணைகளில் முக்கியமானது, நிலையாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். அவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியோ வாத்தியாரோ பக்கத்து வீட்டாரோ போதும்.

அப்படிப்பட்ட பெரியவர்களும் இடமும் சேர்ந்து அமைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கோவில்பட்டியின் ஹாக்கி காட்டுகிறது. ஆலைகளும் தீப்பெட்டியும் நிறைந்த இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி தருவோரும், ஊரார் நடத்தும் போட்டிகளும், செயற்கைப் புல் மைதானமும், அரசின் ஹாக்கி விளையாட்டு விடுதியும் இருக்கின்றன. பள்ளி விட்டதும் மட்டையோடு மைதானத்துக்குப் போவது இங்கே பிள்ளைகளுக்கு இயல்பு. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர்.